மூன்றாம் வருஷத்துப் பூக்குழி

முதுகில் ஊசி போட்டால் காலில் எப்படி வலி போகும் என்பது நல்லையாவுக்குப் பிடிபடவே இல்லை. புண் இருப்பது காலில். கத்தி வைக்கப் போவதும் காலில். ஊசி மட்டும் முதுகில். வாசலில் தீப்பிடித்தால் கொல்லைப்புறத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலையாக அல்லவா இருக்கிறது! கேட்கலாம் என்றால் டாக்டர் அமீர் அலி கல்கத்தாக்காரர், அவருக்குத் தமிழ் அரைகுறை. நல்லையாவுக்கோ டாக்டரைக் கண்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரங்கூன் துறைமுகத்தில் இரண்டு மணங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பலகைமேல் ஓடுகிற ஆள், மேஜைமேல் மல்லாந்து கிடக்கச் சொன்னதும் பச்சைப் பிள்ளையாகிவிட்டான்.

எல்லாவற்றுக்கும் காரணம் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அரிசி மூட்டை. கயிறு அறுந்து வலது முழங்காலுக்குக் கீழே வந்து விழுந்தது. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஒரு கட்டோடு போயிருக்கும். ஆனால் அதற்கு முதல் நாள்தான் காளியம்மன் கோயில் பூக்குழிக்குக் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கையோடு ஆஸ்பத்திரிப் படி ஏறினால் தீட்டு. அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசிக்கொண்டு விரதத்தைத் தொடர்ந்தான். அம்மனுக்கு அந்தச் சமயத்தில் வேறு சோலி இருந்ததோ என்னவோ, புண் சீழ் பிடித்து எலும்பு வரைக்கும் போய்விட்டது. காய்ச்சல் வேறு. பூக்குழி அன்று காலையில் மனைவி கனகாம்பாள் அழுது ஆர்ப்பாட்டம் செய்து, தன் தம்பி சின்னத்தம்பியின் முதுகில் அவனை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில்பாதை ஓரத்தில் டாக்டர் சொந்தமாக நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி அது. டாக்டர் புண்ணை முகர்ந்து பார்த்தார், மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். அவர் சொன்னதைக் கட்டுக் கட்டுகிற முகைதீன் தமிழில் சொன்னார். அவர் காயல்பட்டினத்துக்காரர், பேச்சில் நயம் உண்டு.

"இன்னிக்கே எலும்பைச் சொரண்டி சீழை எடுக்கணுமாம். நாளைக்குன்னா முழங்காலுக்குக் கீழ காலே இருக்காதுங்குறாரு. மயக்க மருந்து மோந்தா ஒன் நெஞ்சுச் சளிக்கு ஆகாது. அதனால முதுகுல ஊசி. முழிச்சுக்கிட்டேதான் இருப்ப, இந்தக் கால்ல வலி தெரியாது."

இந்தக் கால் என்று சொன்னபோது முகைதீன் வலது காலைத் தொட்டுக் காட்டினார். நல்லையா அதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டான்.

"பூக்குழி?" என்று கேட்டான்.

"குழியாவது கிழியாவது! காலு வேணுமா வேணாமா?"

கால் வேண்டும்தான். ஆனால் கால் மட்டும் போதாது, கனகாம்பாளும் வேண்டும். அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டு முழித்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பிள்ளை குறைப்பிரசவமாகி, அதோடு ஜன்னி கண்டு, கண் செருகிவிட்டது. கூலி லயத்துப் பெண்கள் எல்லாம் வாயில் சேலையை வைத்துக்கொண்டு நின்றபோது, நல்லையா கோயில் வாசலில் விழுந்து, மூன்று வருஷம் காலால் குழி மிதிக்கிறேன், அவளை எனக்குக் கொடுத்துவிடு என்று கதறினான். முதல் வருஷம் மிதித்தான், அவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டாம் வருஷம் மிதித்தான், பழையபடி ரயிலடியில் வடைக் கூடையோடு நின்றாள். இது மூன்றாம் வருஷம். இப்போது நாலைந்து நாளாகப் பொழுது சாய்ந்தால் அவளுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. அடுப்பு வெக்கை என்று அவள் மழுப்புகிறாள். அம்மன் வாசல் வரைக்கும் வந்து, கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பதாக நல்லையாவுக்குப் பட்டது.

நடக்க முடியாதவர்கள் கையில் தீச்சட்டி ஏந்துவது உண்டு. காலால் மிதிக்கிறேன் என்று வேண்டியவன் கையால் ஏந்தினால் செல்லுமா என்று சின்னத்தம்பி போய்ப் பூசாரியிடம் கேட்டான். பூசாரி யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். குழியின் நெருப்பையே ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு போங்கள், படுத்த இடத்திலேயே நல்ல காலை அதில் வைக்கட்டும், மிதித்ததாகத்தான் அர்த்தம். நெருப்பு சாயங்காலத்துக்கு முன்னால்தான் தணலாகும். அதற்குள் கத்தி வேலையும் முடிந்துவிடும். வலது கால் டாக்டருக்கு, இடது கால் அம்மனுக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. டாக்டருக்கு மட்டும் இந்தப் பாகப்பிரிவினையை யாரும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம் யாருக்குமே தெரியாது. குழி இறங்கி வந்தவர்களிடம், சுட்டுச்சா என்று கேட்டால், பூ மாதிரி இருந்துச்சு என்பார்கள். அம்மன் வந்து இறங்கினால் தணலும் பூவாகிவிடும். அதனால்தானே அதற்குப் பூக்குழி என்று பெயர். நல்லையாவும் இரண்டு வருஷமும் அப்படித்தான் சொன்னான். ஆனால் அவனுக்குச் சுட்டது. சும்மா இல்லை, உயிர் போகிற மாதிரி சுட்டது. மற்றவர்கள் நிதானமாக நடந்து வருகிற குழியை அவன் ஓட்டமும் நடையுமாகக் கடந்தான். எல்லோர் காலிலும் இறங்குகிற அம்மன் தன் காலில் மட்டும் ஏன் இறங்கவில்லை என்று நினைத்து நினைத்து வெட்கத்தில் குன்றிப்போனான். கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

மேஜைமேல் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கச் சொல்லி, கூன் போடச் சொன்னார்கள். முதுகுத்தண்டில் சுருக்கென்று இறங்கியது. பிறகு வலது கால் ஒரு மாதிரி வெதுவெதுப்பாகி, கனத்து, கழன்று போன மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் அந்தக் காலில் குண்டூசியால் குத்தினார்.

"துக்குதா?" என்றார். அது எந்த பாஷை என்று நல்லையாவுக்குத் தெரியவில்லை.

"வலிக்குதான்னு கேக்குறாரு" என்றார் முகைதீன்.

"என்ன செஞ்சாரு?" என்றான் நல்லையா. டாக்டர் சிரித்துவிட்டார்.

இடது காலில் யாரும் குத்திப் பார்க்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. இரண்டு காலையும் வாரால் மேஜையோடு கட்டி, குறுக்கே ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. தன் எலும்பைத்தான் துருவுகிறார்கள் என்று நல்லையாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தான். எதற்குக் கத்துவது? வலி இல்லையே. வலி இல்லாமல் கத்தினால் பொய்யாகிவிடாதா? வாயை மூடிக்கொண்டான். ஆட்டை அறுக்கும்போது ஆட்டுக்கு இந்த ஊசி போட்டால் அதுவும் இப்படித்தான் சும்மா பார்த்துக்கொண்டு கிடக்குமோ என்று என்னென்னவோ யோசனை வந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முகைதீன் அவனுடைய காப்புக் கயிறு நனையாமல் இருக்க அதன்மேல் துணி சுற்றிக்கொண்டே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கட்டிலுக்குத் தூக்கி வந்து போட்டார்கள். டாக்டர் விரலை ஆட்டி, "தலை தூக்காதே. கால் ஆட்டாதே" என்று சொல்லிவிட்டு, மாடியில் இருக்கிற தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். முகைதீன் கனகாம்பாளிடம் வந்தார்.

"பாத்துக்கம்மா. மரத்துப்போயிருக்கும். கட்டுமேல கை வைக்காத. நான் தொழுதுட்டு வந்துர்றேன்."

பக்கத்துக் கட்டிலில், சீனர் பேட்டையான லத்தாவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற ஒரு சீனப் பெரியவர் படுத்திருந்தார். அவர் ஒருவர்தான் சாட்சி. சின்னத்தம்பி மஞ்சள் வேட்டியோடு, உடம்பெல்லாம் வியர்த்து, துணியில் சுற்றிய சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மேலே மூடியிருந்த சாம்பலை ஊதினான். தணல் செக்கச்செவேலென்று கண் விழித்தது. இந்தியர்களின் வைத்தியத்தில் இதுவும் ஒன்று போலும் என்று நினைத்தாரோ என்னவோ, சீனப் பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கால ஆட்டக்கூடாதுன்னாரே டாக்டரு" என்றான் நல்லையா.

"நீங்க ஆட்ட வேணாம் மாமா. நான் புடிச்சு வைக்கிறேன்" என்றாள் கனகாம்பாள்.

சின்னத்தம்பி சட்டியைக் கட்டில் ஓரமாக உயர்த்திப் பிடித்தான். கனகாம்பாள் நல்லையாவின் இடது காலை இரண்டு கையாலும் தூக்கினாள். என்ன இவ்வளவு கனக்கிறது என்று முணுமுணுத்தாள். நல்லையா கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்தான். வரப்போகும் சூட்டுக்கு உடம்பு முழுக்க முறுக்கேறியது.

சூடு வரவில்லை.

"வைக்கலையா?" என்றான்.

"வச்சுட்டேன் மாமா! தாயே, காளியாத்தா, எங்க குத்தம் பொறுத்துக்க, மூணு வருசத்து வேண்டுதலையும் ஏத்துக்க..."

அவள் வேண்டிக்கொண்டே போனாள். குழியில் நடக்கிறவனுக்குச் சூடே போ, போ என்று விரட்டிக் காலை எடுக்க வைத்துவிடும். இங்கே எடு என்று சொல்ல யாரும் இல்லை. அவன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாததைப் பார்த்து அவள் தன் வேண்டுதலை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் காலை எடுத்தாள். நல்லையா கண்ணைத் திறந்தபோது கண்ணீர் காதுக்குள் ஓடியது.

"சுடல கனகு. சத்தியமாச் சுடல. பூ மாதிரி இருந்துச்சு!"

இரண்டு வருஷம் எட்டிக்கூடப் பார்க்காதவள் மூன்றாம் வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தேடி வந்து இறங்கிவிட்டாளே! கனகாம்பாள் சாம்பலை எடுத்து அவன் நெற்றியில் பூசினாள். அவள் விரல் சுட்டது. அது காய்ச்சலா, சட்டிக்குப் பக்கத்தில் இருந்த வெக்கையா என்று அவனுக்குத் தெரியவில்லை. எதுவானால் என்ன, இனிமேல் பயமில்லை.

முகைதீன் உள்ளே காலடி வைத்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்ன கருகுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டியைப் பார்த்தார், சின்னத்தம்பியைப் பார்த்தார், கடைசியில் இடது பாதத்தைப் பார்த்தார். பாதம் முழுக்கத் தோல் வெந்து கொப்பளித்திருந்தது.

"அல்லாவே! என்னா காரியம் பண்ணிட்டீங்க!"

சத்தம் கேட்டு டாக்டர் கை கழுவாமலே மாடியிலிருந்து இறங்கி வந்தார். வலது காலைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்துக்குள் இடது கால் எப்படி வெந்தது என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்துஸ்தானியில் என்னவோ கத்தினார். சின்னத்தம்பி சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நழுவினான். கனகாம்பாள் மட்டும் அசையவில்லை.

"சாமி காரியம் ஐயா. அவுகளுக்கு ஒண்ணும் செய்யாது. சுடவே இல்ல, கேட்டுப் பாருங்க."

முகைதீன் ஒரு குண்டூசியை எடுத்து நல்லையாவின் இடது தொடையில் குத்தினார். "தெரியுதா?" என்றார். தெரியவில்லை. வயிற்றருகே குத்தினார். அதுவும் தெரியவில்லை. நெஞ்சுக்குக் கிட்டே வந்ததும் நல்லையா "ஸ்" என்றான்.

"ஊசி ரெண்டு காலுக்குந்தான்பா. நெஞ்சுக்குக் கீழ எல்லாமே மரத்துத்தான் கெடக்கு. நாளைக்கு இந்தச் சீனத்துப் பெரியவருக்கும் இதே ஊசிதான். அவரு காலத் தூக்கி அடுப்புல வச்சாலும் சுடாது."

"வலது காலுன்னுதான சொன்னீங்க?"

"அறுக்கப் போற காலைச் சொன்னேன். மத்த காலக் கொண்டுபோயி நெருப்புல வைப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

அவரைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே பாதத்துக்கு மருந்து போட்டு, மெல்லிய துணியால் கட்டினார். நல்லையா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அப்படியானால் அம்மன் வரவே இல்லையா? அல்லது ஊசி வழியாக வந்தாளா? மூன்று வருஷத்தில் ஒரே ஒரு முறை சுடாமல் இருந்தது, அதுவும் கல்கத்தா டாக்டர் கொடுத்த வரமா? மருந்தைப் போட்டுக்கொண்டு நெருப்பில் கால் வைத்தவனை அம்மன் எந்தக் கணக்கில் எழுதுவாள்? சாமியையே ஏமாற்றிவிட்டோமோ? கனகாம்பாள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குளுருதா?" என்று கேட்டான்.

"இல்ல, சும்மாதான்."

அந்தப் பொய்தான் அவனை உடைத்தது.

"கனகு, நான் ஒண்ணு சொல்லட்டுமா? போன வருசமும் எனக்குச் சுட்டுச்சு. அதுக்கு முந்துன வருசமும் சுட்டுச்சு. பூ மாதிரின்னது பொய்யி. என் கால்ல ஆத்தா என்னிக்குமே வரல. இன்னிக்கு வந்துட்டாள்னு நெனச்சேன், அதுவும் ஊசியாப் போச்சு. ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அது என்னாலதான்."

அவள் அவனையே வெறித்துப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் என்னவோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத வருசம் சுட்டுச்சா?"

"சுட்டுச்சு."

"நான் எந்திரிச்சு ஒக்காந்தேன். போன வருசமும் சுட்டுச்சா?"

"ஆமா."

"வேலைக்கே போக ஆரம்பிச்சுட்டேன். அப்ப நீங்க சூடு தாங்குனதுக்குத்தான மாமா ஆத்தா என்னைய விட்டா? பூ மாதிரி நடந்தவுகளுக்கு என்ன குடுத்தா, ஏது குடுத்தான்னு நமக்கு எதுக்கு? எனக்காக நடந்தது நீங்க. சுட்டுத்தான நடந்தீங்க?"

நல்லையாவுக்கு அது சரியா தப்பா என்று தெரியவில்லை. அப்படிப் பார்த்தால் இத்தனை நாள் வெட்கப்பட்டதெல்லாம் வீண். ஆனால் இன்றைக்குச் சுடவே இல்லையே, அப்போது இன்றைக்குத்தானே குறை? அவள் சொன்னது ஆறுதலா, இன்னும் பெரிய பயமா?

அப்போதுதான் இடது தொடையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் முழங்காலில். கால்கள் எங்கேயோ போயிருந்து ஒவ்வொரு சாணாகத் திரும்பி வந்தன. வலது காலில் எலும்புக்குள்ளிருந்து விண் விண்ணென்று தெறித்தது. இடது பாதத்தில் முதலில் வெதுவெதுப்பு. பிறகு காந்தல். பிறகு தீ.

"கனகு" என்றான். "சுடுது."

அவள் துள்ளி எழுந்தாள். "நெசமாவா?"

"சுடுதுடீ. ஐயோ, சுடுது!"

புருஷன் வலியில் துடிக்கும்போது முகம் மலர்ந்த பெண்ணை, சத்தம் கேட்டு டாக்டரோடு வந்த முகைதீன் தன் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தார். அவள் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. இந்தப் பெண்ணுக்கும் ஒரு மருந்து கொடுக்க வேண்டுமோ என்கிற மாதிரி டாக்டர் பார்த்தார். அவர் கையில் ஒரு சின்ன ஊசி தயாராக இருந்தது.

"இது கையில போடுற ஊசி. வலி அடங்கித் தூங்கிடுவ" என்றார் முகைதீன்.

டாக்டர் அவன் கையைப் பிடித்தார். நல்லையா வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா. ஒரு குழி தூரம். அவ்வளவுதான்."

டாக்டர் முகைதீனைப் பார்த்தார். முகைதீன் டாக்டரின் காதருகே குனிந்து இந்துஸ்தானியில் ஏதோ சொன்னார். டாக்டருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் ஊசியைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

நல்லையா கண்ணை மூடிக்கொண்டு குழியில் இறங்கினான். போன இரண்டு தடவையும் ஓடிவிட்டான். இன்றைக்கு ஓட முடியாது, அசையவே கூடாது என்று உத்தரவு. அதனால் மெள்ள மெள்ள நடந்தான். வலது கால் எலும்போடு எரிந்தது, இடது கால் தோலோடு எரிந்தது. பாதிக் குழியில் திரும்பிவிடலாமா என்று இருந்தது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் உப்புக் கரித்தது. கனகாம்பாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவன் கூடவே வந்தாள். கடைசிப் பக்கம் நெருப்பு இன்னும் கனமாக இருந்தது. கூட்டத்தின் இரைச்சல்கூடக் காதில் விழுந்த மாதிரி இருந்தது. அது அடுத்த கட்டிலில் சீனப் பெரியவர் இருமியதாகவும் இருக்கலாம்.

கண்ணைத் திறந்தான். கனகாம்பாள் முந்தானையால் அவன் முகத்து வியர்வையைத் துடைத்தாள்.

"வந்துட்டீங்களா மாமா?"

"வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, நல்லையா டாக்டரிடம் கையை நீட்டினான்.